கரையாத்தா கரையாமல் போன கதை

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். 19 வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா பேனர் எல்லாம் வரும். இவற்றில் ப்ரூஃப் அதிகத் தடவை திரும்பி வருவது கோயில் திருவிழா நோட்டீஸ்தான். எழுத்துப் பிழைக்காக யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. பெயர் வரிசைக்காகக் கொண்டுவருவார்கள். முதல் நாள் மண்டகப்படி யாருக்கு, தீர்த்தவாரி யாருக்கு, பரிவட்டம் முதலில் யார் தலையில் ஏறுகிறது, யார் பெயருக்கு முன்னால் யார் பெயர்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஊர் நோட்டீஸ் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். 2000 பிரதி அடித்து, கட்டுப் போட்டு வைத்தாயிற்று. ராத்திரி ஷட்டரை இறக்கும் நேரத்தில் எட்டுப் பேர் வந்து நின்றார்கள். முதல் நாள் மண்டகப்படிப் பெயர் மூன்றாம் நாளுக்குப் போயிருக்கிறதாம். கமிட்டியார் கையெழுத்துப் போட்ட ப்ரூஃபை எடுத்துக் காட்டினேன். கூட வந்த பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க பாட்டன் காலத்துல ஒரு சண்டை வந்து தெருவே எரிஞ்சுது. அன்னிக்குச் சாமியத் தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல இறங்கி ஓடுனது எங்க ஆளு. முதல் நாள் எங்களுக்கு வந்தது அதுக்காக. அதைப் போயி மூணாம் நாள்ல போட்டா எப்படி?"

அந்த வருடம் அந்த ஊரில் தேர் ஓடவில்லை. அந்த 2000 நோட்டீசும் இன்னும் என் கடைப் பரணில் கிடக்கின்றன. எடைக்குப் போட மனசு வரவில்லை.

நான் ஆறு வருடமாக ஒரு கதை எழுதுகிறேன் என்று முன்பே இங்கே சொல்லியிருக்கிறேன். ஏழ்துறை என்று ஒரு நாடு. இந்த உலகத்தில் இல்லாத நாடு. நெளியாறு என்று ஒரு ஆறு, அதன் கரையில் ஏழு படித்துறைகள், துறைக்கு ஒரு ஊர். அந்த நாட்டில் நடக்கும் பெரிய போரைத்தான் முதலில் எழுதினேன். 14 அத்தியாயம் போர். கணவாய் முற்றுகை, இரவுத் தாக்குதல், துரோகம் எல்லாம். போன வருடம் அதில் 11 அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். காரணம் அந்தப் பெரியவர்தான். சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு ராத்திரி. அதற்குக் கிடைத்த முதல் நாள் மூன்று தலைமுறை. என் நாட்டிலும் போர் முடிந்தபின் அந்தப் பெயர் வரிசையை எழுதியது யார் என்று கேட்டுப் பார்த்தேன். என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

ஏழ்துறையின் சாமி பெயர் கரையாத்தா. ஆற்றங்கரை ஆத்தா, அவ்வளவுதான் அர்த்தம். அவளுக்குக் கோயில் கிடையாது. வருடா வருடம் வெள்ளம் வடிந்ததும் ஏழு துறையிலிருந்தும் ஆளுக்கு ஒரு பிடி வண்டல் கொண்டுவருவார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்கு மண் குதிரை செய்து புரவி எடுக்கும்போது, அதைச் செய்யும் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்களே, அதை மனதில் வைத்துத்தான் எழுதினேன். அந்த ஏழு பிடி மண்ணோடு ஆற்று மண்ணையும் சேர்த்துப் பிசைந்து குயவர்கள் ஆத்தாளைச் செய்வார்கள். அந்த வருடம் எந்தத் துறைக்கு முறையோ, அந்த ஊர் நெற்களஞ்சியத்தில் ஒன்பது நாள் வைத்துக் கும்பிடுவார்கள். பத்தாம் நாள் ஆற்றில் இறக்கிவிடுவார்கள். கரைந்த மண் அடுத்த வெள்ளத்தில் வயலுக்கு வந்துவிடும். கதவு இல்லை, பூட்டு இல்லை, சாவி இல்லை. ஒரு வருடம் ஒரு ஊர் கொஞ்சம் தலை நிமிர்ந்தால் அடுத்த வருடம் முறை மாறிவிடும்.

போர் நெல்லுக்காக வருகிறது. மேட்டுநிலத்தில் மூன்று வருடம் மழை பொய்த்துப்போய், அங்கிருப்பவர்கள் கணவாய் வழியாக இறங்குகிறார்கள். அவர்களைக் கெட்டவர்களாக எழுத எனக்குக் கை வரவில்லை. பசி. அது போதும்.

அவர்கள் வைத்த தீ ஐந்தாம் துறைக் களஞ்சியத்தில் பிடிக்கிறது. உள்ளே ஆத்தா இருக்கிறாள். ஆறாம் நாள் பூசை முடிந்து, இன்னும் ஆற்றில் இறக்காத ஆத்தா.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பச்சை மண் உருவம் நெருப்பில் மாட்டினால் என்ன ஆகும்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சூளை வைத்திருக்கும் வேளார் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "வெடிச்சுடும்" என்றார். கெட்டியாக, உள்ளே குடையாமல் செய்த உருவத்தில் ஈரம் உள்ளேயே நிற்கும். சூடு ஏறியதும் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லாவிட்டால் உருவம் தெறித்துப்போகும். அதனால்தான் பெரிய உருவம் செய்யும்போது உள்ளே கூடாக விடுகிறார்கள், கனமான இடங்களில் குச்சியால் குத்தி ஓட்டை விடுகிறார்கள், நிழலில் நாள் கணக்காகக் காய வைக்கிறார்கள். "பிரி சுத்திச் செஞ்சா?" என்று கேட்டேன். வைக்கோலைத் திரித்துப் பிரியாக்கி, அதன் மேல் மண்ணை அப்பினால்? "ம்ம்... பிரி உள்ளாற எரிஞ்சு சாம்பலாப் போயிடும். கூடு நிக்கும். மண்ணு காஞ்சிருந்தாத் தப்பிக்கும். ஆனா தீ மெதுவா ஏறணும்."

தீ மெதுவாக ஏற வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அரிசி ஆலைக்குப் பின்னால் உமிக் குவியல் புகைந்து பார்த்திருப்பீர்கள். சுடர் விட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். களஞ்சியத்தில் ஆத்தாளைச் சுற்றிலும் நெல். நெல்லின் மேல் உமி. அந்தக் களஞ்சியமே ஒரு சூளை! அன்று ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் எழுதினேன். நெல் நான்கு நாள் கனல்கிறது. ஐந்தாம் நாள் சாம்பலை விலக்கிப் பார்த்தால் ஆத்தா நிற்கிறாள். காற்று பட்ட முகம் செக்கச் செவேல் என்று, காற்றுப் படாத முதுகு கன்னங்கரேல் என்று. இடது கை மட்டும் தெறித்துப் போயிருக்கிறது. தட்டினால் கணீர் என்கிறாள்.

சாம்பலை விலக்கியவன் பெயர் நல்லான். போருக்கு முன்னால் மாடு மேய்த்தவன், போரில் துறைப்படைக்குத் தலைவன் ஆனவன். அவனுக்கும் ஒரு கை இல்லை. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்று எழுதினேன். அந்த ஒரு வரியில்தான் ஏழ்துறையில் ஆட்சி மாறுகிறது.

மறுநாள் சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, சாமி இனிமே கரையாதுன்னா, அடுத்த வருஷம் அந்தக் குயவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நல்லானைப் பற்றியும் படையைப் பற்றியும் யோசித்தேன். கோட்டை கட்டுவதைப் பற்றி யோசித்தேன். மண் பிசைகிறவர்களை மறந்தே போனேன். இவ்வளவுக்கும் முதல் பக்கத்திலிருந்து சாமியைச் செய்து கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். இப்போது என் கதை முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

நல்லானைத் திருடனாக எழுதியிருந்தால் சுலபம். சாமியைக் கைப்பற்றி ஊரை ஏமாற்றினான் என்று நான்கு பக்கத்தில் முடித்துவிடலாம். அப்படி எழுதினால் பொய் சொன்ன மாதிரி இருக்கும். அந்த வருடமும் வழக்கப்படி ஆத்தாளை ஆற்றில் இறக்கிவிடலாம் என்றுதான் அவனே சொல்கிறான். விடாதவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள். தீயில் போன பிள்ளைகளுக்கு உடம்புகூட இல்லை. அதே தீயில் நின்று மீண்டவள் இவள் ஒருத்திதான். "இவளையுமா ஆத்துல விடச் சொல்றே?" என்று ஒருத்தி கேட்கிறாள். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? நல்லான் தலையைக் குனிந்துகொள்கிறான். மழை வரும், சுவர் வேண்டும் என்கிறார்கள். சுவர் எழும்புகிறது. சுவர் இருந்தால் கதவு, கதவு இருந்தால் பூட்டு. சாவியை யாரிடம் கொடுப்பது? ஒரு கையில்லாத அவளைக் கண்டெடுத்த ஒற்றைக் கையனிடம்தான்.

இதெல்லாம் கற்பனைதானே என்று சொல்பவர்கள் ஸ்ரீரங்கத்துக் கதையைக் கேட்க வேண்டும். 1323-இல் டெல்லிப் படை வருகிறது என்று தெரிந்ததும் மூலவரைக் கல்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். முன்னால் போனவர் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார், தள்ளாத வயது. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியிலேயே அவர் காலமாகிவிட்டார். பெருமாள் மட்டும் மேலே போகிறார். அழகர்கோயில், மலையாள தேசம், திருநாராயணபுரம், கடைசியில் திருமலை. திரும்பி வந்தது 1371-இல். கூட்டிவந்தவர் செஞ்சியிலிருந்த கோபண்ணா, விஜயநகரத் தளபதி. கணக்குப் போட்டால் 48 வருடம்.

ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் ஒரு பகுதியை என்னால் கண் கலங்காமல் படிக்க முடிந்ததில்லை. 48 வருடத்தில் பழைய ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இடையில் வேறொரு திருமேனியைச் செய்து பூசையும் நடந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு பேர். எது உண்மையான பெருமாள்? சொல்ல ஆள் இல்லை. கடைசியில், கண் தெரியாத கிழவர் ஒருவர், பெருமாளின் துணி வெளுத்தவர், எனக்குத் தெரியும் என்கிறார். அந்தக் காலத்தில் திருமஞ்சனம் ஆன ஈரத் துணியைப் பிழிந்த தீர்த்தத்தைச் சாப்பிட்ட நாக்கு அது. இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொடுக்கிறார்கள். ஒன்றைச் சுவைத்ததும், "இவரே நம் பெருமாள்" என்கிறார். நம்பெருமாள் என்ற பெயர் அப்படி நிலைத்தது என்பது ஐதிகம்.

பாருங்கள், படை நடத்தியவர் கோபண்ணா. அவர் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. ஆனால் இது அதே சாமிதான் என்று முடிவு செய்தது ஒரு வண்ணாரின் நாக்கு. அவர் இல்லாவிட்டால் கோபண்ணா கொண்டுவந்தது வெறும் விக்கிரகம்தானே?

ஆனால் அதற்கு அடுத்த நூறு வருடத்தில் அதிகாரம் யார் பக்கம் போனது என்று பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கும். தெலுங்கும் கன்னடமும் பேசிய புதுத் தளபதிகள் தமிழ் நாட்டுக்குள் வருகிறார்கள். இந்த மண்ணில் அவர்களுக்கு வேர் இல்லை. கோயிலுக்குக் கொடுத்துத்தான் வேர் விட முடியும். நேராகப் போய்க் கொடுத்துவிட முடியாது, உள்ளே ஒருவர் வேண்டும். திருமலையில் விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மனுக்கு, கோயிலுக்குள் செல்வாக்கோடு இருந்த கந்தாடை ராமானுஜ ஐயங்கார் அமைந்த மாதிரி. கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதும் கல்வெட்டிலேயே இருக்கிறது. விட்டவன் விழுக்காடு. கட்டளை விட்டவனுக்கு, நைவேத்தியம் ஆன பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு. அந்தப் பங்கை அவன் சாப்பிடலாம், யாருக்காவது எழுதி வைக்கலாம், விற்கவும் விற்கலாம். சாமி சாப்பிட்ட சோற்றில் நாலில் ஒன்று! இந்தச் சொல்லை முதல் தடவை படித்த அன்று, கடையில் அடித்துக்கொண்டிருந்த நோட்டீசை அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் 19 வருடமாக டைப் அடித்துக்கொண்டிருக்கும் பெயர் வரிசை அங்கே பங்குக் கணக்காக இருக்கிறது.

அதை அப்படியே ஏழ்துறைக்கு எடுத்துக்கொண்டேன். போருக்கு முன்னால் ஏழு ஊரும் கொடுத்தது ஏழு பிடி மண். போருக்குப் பின்னால் மண் தேவைப்படவில்லை. விளக்கு எரிய வேண்டும், காவல் நிற்க வேண்டும். அதனால் ஊருக்கு ஒரு மரக்கால் நெல். முதல் வருடம் ஏழு மரக்கால். பத்தாம் வருடம் ஊருக்கு ஏழு கலம், கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். "பிடிமண்" என்ற பேர் மட்டும் மாறவில்லை. நெல்லை அளந்து கொட்டிவிட்டு, பிடிமண் கொடுத்தாச்சு என்கிறார்கள்.

எந்த ஊர் எவ்வளவு கொடுத்தது, யாருக்கு எந்த நாள் என்று நல்லான் ஓலையில் எழுத வைக்கிறான். அந்த ஓலைகளை வைக்கப் பத்திரமான இடம் வேண்டும். ஆத்தாளுக்குள்ளேதான் பிரி எரிந்துபோன கூடு இருக்கிறதே. முதுகில் ஒரு துளை, அதற்குள் ஓலைச்சுருள். அப்புறம் அந்தக் கணக்கை யார் எதிர்த்துப் பேச முடியும்? வேளார் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலிருந்து, கூடு நிக்கும் என்று சொன்னாரே, அதிலிருந்து எனக்குக் கிடைத்தது இது.

தோற்றவர்களின் சாமியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேட்டுநிலத்தாருக்குக் கணவாயில் ஒரு கல் சாமி. அதைப் பெயர்த்துக்கொண்டு வந்து கரையாத்தா வாசலில் காவலுக்கு நிறுத்துகிறார்கள். இதற்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து தாராசுரம் சைக்கிள் மிதிக்கும் தூரம். அங்கே கிடைத்த துவாரபாலகர் சிலை ஒன்று இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கறுப்புக் கல். நம் பக்கத்துச் சோழர் வேலை இல்லை என்று பார்த்ததுமே தெரியும். பீடத்தில் எழுதியிருக்கிறார்கள், விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொண்டுவந்த துவாரபாலகர் என்று. விஜயராஜேந்திரர் என்பது சோழன் முதலாம் ராஜாதிராஜனின் பட்டப்பெயர். 11-ஆம் நூற்றாண்டில் சாளுக்கியர் தலைநகரமான கல்யாணியை அழித்துவிட்டு அவன் தூக்கி வந்தது. அங்கேயும் வாசல் காத்தவர், இங்கேயும் வாசல் காத்தவர். காத்த வாசல்தான் வேறு. அவர் முன்னால் நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். கல்யாணியில் அவரைத் தினமும் தாண்டி உள்ளே போன ஒரு கிழவியை நினைத்துக்கொள்வேன். ஒருநாள் வந்து பார்த்தால் வாசலில் ஆள் இல்லை.

என் கதையில் மேட்டுநிலத்துச் சிறைக் கைதிகள் கரையாத்தா கோயிலுக்குத் தண்ணீர் சுமக்கிறார்கள். உள்ளே போகும்போதெல்லாம் வாசல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இருபது வருடத்தில் ஏழ்துறைக்காரர்களும் அப்படித் தொட ஆரம்பித்துவிடுகிறார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. வாசலில் தொட்டுவிட்டுப் போவது வழக்கம், அவ்வளவுதான். இந்தப் பகுதியை மட்டும் எழுதும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது.

பெயர் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. கரை ஆத்தா. போர் முடிந்து ஒரு தலைமுறை ஆனதும் பிள்ளைகள் அதைக் கரையாத ஆத்தா என்று பிரிக்கிறார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கண்ணெதிரில் கரையாமல் நிற்கிறாள், பெயரும் அப்படித்தான் ஒலிக்கிறது. பழைய பாட்டில் "கரைஞ்சு வாடி கரையாத்தா" என்று ஒரு அடி உண்டு. பிள்ளைகளுக்கு அது புரியவில்லை. கரையாதவளை எப்படிக் கரைஞ்சு வாடி என்று பாடுவது? பாட்டில் பிழை என்று நினைத்து, "நிறைஞ்சு வாடி கரையாத்தா" என்று மாற்றிவிடுகிறார்கள். ப்ரூஃப் திருத்துகிற எனக்கு இந்த இடம் ரொம்ப வலித்தது. நல்ல எண்ணத்தோடுதான் திருத்துகிறார்கள். பழைய அடியைச் சரியாகத் தெரிந்த ஒரே ஆள் மூக்காயி.

மூக்காயி குயவர் கிழவி. தீப்பிடித்த வருடத்து ஆத்தாளைச் செய்தது அவளும் அவள் புருசனும். புருசன் போரில் போய்விட்டான். அவள் இப்போது சட்டி பானை செய்து பிழைக்கிறாள். கோயிலுக்கு விளக்குத் தட்டு அவள்தான் கொடுக்கிறாள், வாசல் வரைக்கும். கோயில் கட்டி முப்பதாம் வருடம் மழையில் கூரை ஒழுகி ஆத்தா மேல் தண்ணீர் சொட்டுகிறது. நல்லானும் கிழவன் ஆகிவிட்டான். அவனுக்குப் பயம் வருகிறது. மூக்காயியைக் கூப்பிட்டு அனுப்புகிறான். முப்பது வருடம் கழித்து அவள் உள்ளே போகிறாள்.

குயவர்கள் பானையை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை கணீர் என்னும். கீறல் விட்ட பானை பொத் என்னும். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறலைக் கூட அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மூக்காயி தோளில் தட்டுகிறாள், கணீர். இடுப்பில் தட்டுகிறாள், கணீர். முதுகில், ஓலை வைப்பதற்காக நல்லான் துளை போட்ட இடத்துக்குக் கீழே தட்டுகிறாள். நல்லான் அவள் முகத்தையே பார்க்கிறான். சுவரில் சாய்ந்து நிற்கும் படைக்காரப் பையன்களும் பார்க்கிறார்கள். என்ன சத்தம் கேட்டது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அத்தியாயம் அங்கே நிற்கிறது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்றும் சரியாக வரவில்லை. என் மகள் தினமும் கேட்கிறாள். சூளை வைத்திருக்கும் வேளார் இந்த வியாழக்கிழமை சூளை பிரிக்கிறார். காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார், கீறல் விட்ட பானையைக் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். கடையைப் பத்து மணிக்குத்தான் திறப்பேன். நோட்டீஸ் கொடுத்திருப்பவர்கள் அன்று ஒருநாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.